பூபதியின் ஒன்பது துப்பாக்கிகள்

திருச்செங்கோட்டில் பூபதியைத் தெரியாத ரிக் லாரிக்காரர் கிடையாது. முப்பது வருடம் வடநாடெங்கும் ரிக் லாரியோடு போய், ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போட்ட மனிதர். ஆனால் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வெடி வெடித்தால், காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். அப்பேர்ப்பட்டவரின் பீரோவில் ஒன்பது பழைய கைத்துப்பாக்கிகள் இருந்தன என்றால் யார் நம்புவார்கள்?

முதலாவது, சும்மா வந்தது. ராஜஸ்தானில் ஒரு விவசாயியின் காட்டில் மூன்று போர் போட்டும் வெறும் புழுதிதான். நாலாவதில் அறுநூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. நிலத்துக்காரக் கிழவர் அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடி, சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்தார். பிடி முழுக்க இலையும் பூவுமாகச் செதுக்கியிருந்தது. ஆளைக் கொல்லச் செய்த சாமானுக்கு எவன் இத்தனை பூ வைத்தான் என்று யோசிக்கப் போய், பித்துப் பிடித்துவிட்டது. அதன்பிறகு ரிக் நிற்கிற ஊரிலெல்லாம் பழைய சாமான் கடையைத் தேடிப் போவதே வேலையாயிற்று.

"சேலை ஒண்ணு வாங்கியாரத் தெரியாது. இரும்பத் தூக்கிட்டு வந்துட்டாரு" என்பார் மனைவி கலைமணி. ஆனால் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பதும் அவர்தான்.

வினை ஆயுத பூஜையன்று வந்தது. ரிக் ஆபீஸில் ஸ்பானருக்கும் கம்ப்ரசருக்கும் சந்தனம் வைத்த கை சும்மா இருக்கவில்லை. "ஆயுதம்னா இதுதானுங்க ஆயுதம். வருசத்துல ஒரு நாளாச்சும் பொட்டு வெக்க வேண்டாமுங்களா?" என்று கலைமணி ஒன்பதையும் கொண்டுவந்து அடுக்கினார். பூபதிக்கும் உள்ளூரப் பெருமைதான். டிரைவர் மாதேஷ் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் வைத்தான், பாவி. மறுநாள் மதியம் போலீஸ் ஜீப் வாசலில் நின்றது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதராக இருந்தது பூபதியின் அதிர்ஷ்டம். "ரிப்பேர் பண்ணினாலும் சுடாதுன்னா இது அலங்காரச் சாமான். சுடும்னா கேஸ். போர் போடறவர்தானே நீங்க? துப்பாக்கிக் குழாய்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓட்டை போட்டுச் சனிக்கிழமை கொண்டுவந்து காட்டுங்க. முடியாதுன்னா எழுதிக் கொடுத்துட்டு ஒப்படைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலையையே துளைத்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பட்டறை டிரில்லிங் மெஷினில் வைத்து, வேலைப்பாடு இல்லாத அடிப்பக்கமாகப் பார்த்து, எட்டுக்கும் ஓட்டை போட்டார். ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒன்பதாவதை மெஷினில் வைத்தவர், திரும்பக் கையில் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சாண் குழாய். அதைச் சுற்றிலும் வெள்ளிக் கம்பி பதித்த கொடி, கொடி நெடுகக் கிளிகள். ஒன்று பழம் கொத்துகிறது, ஒன்று குஞ்சுக்கு ஊட்டுகிறது, ஒன்று திரும்பிப் பார்க்கிறது. எப்படித் திருப்பினாலும் விரல் வைக்கக் காலி இடம் இல்லை.

"ஒரு கிளிதானுங்க போவும். மத்ததெல்லாம் நம்ம ஊட்லயே இருக்குமல்லங்க" என்றார் கலைமணி.

"எந்தக் கிளி போறது? நீயே சொல்லு."

கலைமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு அதை அவர் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை ஸ்டேஷனில் எட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவதை ஒரு துண்டில் சுற்றி மேசைமேல் வைத்தார் பூபதி. ஏட்டம்மா அறிவுச்செல்வி படிவத்தை நிரப்பினார்.

"ஒப்படைக்கிற காரணம்? லைசென்ஸ் இல்லைன்னு போட்டுக்கட்டுங்களா?"

"அப்படிப் போடாதீங்கம்மா."

"வேற என்ன போட?"

 அறுபது வயதுப் பூபதிக்கு, நாலு பேர் பார்க்க அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

"ஓட்டை போட மனசு வரலைன்னு எழுதுங்க."

ஏட்டம்மா துண்டை விலக்கிப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குழாயை மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பினார். பிறகு பூபதி சொன்னதை அப்படியே எழுதினார்.