டிரிகர் இறுக்கமாக வேண்டும்

அமெரிக்க ஊரான பேர்லேண்டில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருடு போன மறுநாள், வீரனாகிவிடும் எண்ணத்தோடு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கரப்பான்பூச்சி வந்தாலே மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான்.

கவுண்டரில் காட்டன் புடவையும் ஸ்னீக்கர்ஸுமாக ஓர் ஆன்ட்டி நின்றிருந்தார். வீட்டில் தனியாக இருக்கிறாராம். மூட்டுவலியில் வீங்கிய விரல்களால், சின்ன ரிவால்வர் ஒவ்வொன்றையும் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் எடுத்துப் புரட்டிப் பார்த்து வைத்தார். கடைசியாக ரப்பர் பிடி போட்ட ஒன்று கைக்குள் கச்சிதமாக அடங்கியது. டிரிகரும் வெண்ணெயாக இழுபட்டது.

“சூப்பரா செட் ஆயிடுச்சே ஆன்ட்டி,” என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

“பிடி ஓகேப்பா. ஆனா டிரிகர் இதைவிட டைட்டா இருக்கறதைத்தான் எடுக்கப்போறேன்.”

“விரல் வலிக்குமே?”

“வலிக்கட்டும். எம்பையன்கிட்ட ஒரு சாவி இருக்கு. ஃபோன் பண்ணாமயே வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுவான். டைட்டா இருந்தா, இழுத்து முடிக்கறதுக்குள்ள ‘யாரது’ன்னு ரெண்டு வாட்டி கேட்டுடலாம்.”

அப்படி ஒன்றையே வாங்கிக்கொண்டு போனார். நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

அவர் துணிச்சல்காரரா, பயந்தவரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அன்றிலிருந்து, துப்பாக்கியே இல்லாத என் வீட்டுக்குள்கூட, “நான்தான், நான்தான்” என்று சொல்லிக்கொண்டேதான் நுழைகிறேன்.