சுத்தமாகக் கேட்காத சுருதி

காலை 6.20. எடமலைப்பட்டி புதூரில் ஜாஹிரின் கிடங்கு வாசலிலிருந்து குட்டியானை வண்டி கிளம்பியது. பின்னால் ஸ்பீக்கர்கள், மிக்ஸர், வயர்ச் சுருள்கள். முன்னால் மூன்று பேர்: வையம்பட்டிக்காரரான ஓட்டுநர் செல்வம், நடுவில் நான், ஜன்னலோரம் ஜாஹிர். கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பதுதான் அவர் தொழில். ஓரிடத்தில் நிற்காத கால் எனக்கு. ஆறும் மலையும் பார்த்தாயிற்று, இந்த முறை சத்தத்தைப் பார்க்கலாம் என்று உப்பிலியபுரத்திலிருந்து முந்தின நாளே வந்து சேர்ந்திருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் பத்தரை மணிக்குக் கச்சேரி. போன வருஷம் இதே மண்டபத்தில், இதே வித்வானுக்கு ஜாஹிர் வைத்த ஸ்பீக்கர் ஊளையிட்டு, அவர் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பாடினாராம். இன்று சரியாக அமைந்தால் மார்கழிக் கச்சேரிகள் எல்லாம் ஜாஹிருக்கு. சறுக்கினால் அந்த மண்டபத்துப் படியை அவர் மறந்துவிட வேண்டியதுதான்.

"பயமா இருக்கா பாய்?" என்றேன்.

"இருபது வருஷ சர்வீஸுங்க. மிஷினு நம்ம பேச்சைக் கேக்கும். பாடுறவங்கதான்…"

"பாடுறவங்க பேச்சை இவரு கேக்க மாட்டாரு. அதான் தகராறே," என்றார் செல்வம், கியரை மாற்றிக்கொண்டே.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ, பதினைந்து ரூபாய். பிறகு பாலம். கீழே காவிரி வாய் திறக்காமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்து மேலே பஸ்கள் கத்தின. மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஏழரைக்கெல்லாம் சாமான்களை இறக்கத் தொடங்கிவிட்டோம்.

9.15. வித்வான் ஸ்ரீநிவாசன் வந்து உட்கார்ந்தார். பளிச்சென்று திருமண், மடியில் சுருதிப் பெட்டி. பாடுகிறவர் தன் குரலையும் சுருதியையும் கேட்டுக்கொள்ள அவர் முன்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்பார்கள். அதில் காதை வைத்தவர், "பாய், சுருதி சுத்தமா கேக்கலையே," என்றார்.

"இதோ மாமா." ஜாஹிர் சுருதியின் சத்தத்தைக் கூட்டினார்.

"இப்பவும் சுத்தமா கேக்கலை."

இன்னும் கூட்டினார். மண்டபமே ஊளையிட்டது. தூண் உச்சியிலிருந்து புறாக்கள் சிதறின. மிருதங்கம் வாசிக்கும் கோபு காதைப் பொத்திக்கொண்டு, "போன வருஷத்து ஐட்டம் வந்துடுத்துடா!" என்றார். வித்வானின் கை மைக்கை நோக்கி நகர்ந்தது.

ஜாஹிர் ஓடிப்போய் மேடையருகே நின்றார். "மாமா, ஒண்ணே ஒண்ணு. சுத்தமான்னா எப்படி? அறவே கேக்கலையா? இல்ல, அழுக்கா கேக்குதா?"

"அழுக்குதான்! போன வருஷமும் இதைத்தானே சொன்னேன்? சுருதி மேல மிருதங்கத்தைக் கூழா ஊத்தினாப்ல இருக்கு."

"நான் கூழா?" என்றார் கோபு.

"நீ அமிர்தம்தான். இந்தப் பெட்டிக்குள்ள போனா கூழாயிடறே."

 வருஷம் முழுக்க ஜாஹிர் தூக்கிச் சுமந்த அவமானம் ஒரே ஒரு சொல்லில் இருந்திருக்கிறது. மிக்ஸருக்குத் திரும்பிப் போய், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் சுருதியின் சத்தத்தைப் பழைய அளவுக்கே இறக்கினார். மிருதங்கத்தை அதிலிருந்து ஏறக்குறைய எடுத்தேவிட்டார். கூட்டிக் கூட்டியே பழகிய விரல்கள் அன்று குறைத்தன. மழை விட்ட பின் தெரியும் மலை போல, சுருதி தனியாக எழுந்து நின்றது. வித்வான் கண்ணை மூடி, 'ஸா' என்று ஸட்ஜத்தில் நின்றார். கை மடிக்குத் திரும்பியது.

10.35 முதல் 1.05 வரை கச்சேரி. ஊளை இல்லை, முறைப்பு இல்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் சபா செயலாளர் நேராக ஜாஹிரிடம் வந்தார்.

"மார்கழி பூரா நீங்கதான் பாய். கடைசி வரிசைக்கு மட்டும் கொஞ்சம் நன்னா வைக்கணும்."

"நன்னான்னா, சத்தமாவா, தெளிவாவா?"

செயலாளர் விழித்தார். "ரெண்டும்தான்!"

"சரிங்க," என்றார் ஜாஹிர், காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்து.

மூன்று மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் கட்டினால் பச்சமலை அடிவாரம் வரைக்கும் கேட்கும். அதனால் சுத்தமாகக் கேட்கவில்லை என்று அங்கே யாரும் சொன்னதில்லை. வருகிற பங்குனித் திருவிழாவுக்கு முன் நான் சொல்லப்போகிறேன். அங்கே ஒலி அமைக்க ஜாஹிரிடம் தேதி வாங்கிவிட்டேன்.