கௌதாரிக்கு விரித்த வேலியடி

அரங்கநாதன் கண்ணை மூடுவதற்குப் பத்து நாள் முன்னால், படுத்த பாயிலிருந்தே கேட்டார்: "இன்னா புள்ள, ஒரு கௌதாரிகூட கத்தக் காணோம்?"

பெண்சாதி பூமாலை என்னவென்று சொல்வாள்? கச்சிராயபாளையத்தில் வாய்க்காலை ஒட்டின அவர்கள் கரும்புக் கொல்லையைச் சுற்றி ஒரு காலத்தில் ஆள் உயரத்துக்கு உயிர்வேலி இருந்தது. கிளுவை, காரை, சூரை, இடையிடையே நொச்சி. கௌதாரி அதற்குள்ளிருந்து கத்தினால்தான் அவர்களுக்குப் பொழுது விடியும். ரெண்டு சால் கரும்பு கூட வைக்கலாம் என்று ஜேசிபி கொண்டுவந்து அதைப் பிடுங்கி, கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தவரும் இதே மனுஷன்தான். சாகக் கிடப்பவரிடம் அதையா சொல்லிக்காட்டுவது?

காரியம் முடிந்த அந்த ஆடியிலேயே, மலையடிவாரத்தில் உறவுக்காரர் வேலியிலிருந்து கிளுவைக் கிளைகளைப் போத்துகளாக வெட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றி வந்தாள். மழை வருகிறதே என்ற அவசரத்தில் வெட்டின ஈரத்தோடு கம்பி ஓரமாக நட்டாள். பாதிக்குமேல் அழுகிப்போயிற்று. மறு வருஷம் நாலு நாள் நிழலில் வாடப்போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நட்டாள். அத்தனையும் துளிர்த்தது. நடுநடுவே காரை, சூரைக் கொட்டைகளை ஊன்றினாள். பக்கத்துக் கொல்லை ராஜாங்கம், பாம்புக்கு வூடு கட்டுகிறாயா என்று கேலி செய்தார். பாம்பும் வரட்டும், கீரியும் வரட்டும், உங்கள் வீட்டிலா படுக்கப்போகிறது என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

ஐந்தாம் வருஷம் வேலி தோளுக்கு வந்தது. தவிட்டுக்குருவி வந்தது, ஓணான் வந்தது, கீரியும் வந்தது. தினமும் இருட்டு பிரியும் முன்னே எழுந்து ஜன்னலைத் திறந்துவைத்துக் காத்திருந்தாளே, அந்தக் கௌதாரி மட்டும் வரவில்லை. மார்கழிக் கடைசியில்தான் வேலியடிப் புழுதியில் விரல் விரலாய்த் தடம் கண்டாள். பக்கத்தில் சருகைக் கிளறின குழி. யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம்.

சொல்லாததே வினையாகிவிட்டது. போகியன்று மருமகள் அம்சவள்ளி, அத்தைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று வீட்டோடு சேர்த்து வேலியடியையும் கூட்டி, காய்ந்த புல், சருகு எல்லாவற்றையும் வாரிக் கொளுத்திவிட்டாள். சின்னசேலம் ரயிலடியில் வளர்ந்த பெண். கௌதாரியைக் கண்டதுமில்லை, அதன் குரலைக் கேட்டதுமில்லை.

பூமாலை வந்து மொட்டைத் தரையைப் பார்த்தாள்.

"அது குப்பை இல்லம்மா. ஒருத்தர் வருவாங்கன்னு பாய் விரிச்சி வெச்சிருந்தேன்."

பொங்கல் கழிந்ததும் ராஜாங்கம் கரும்பு வெட்டி முடித்து, கழித்துப்போட்ட காய்ந்த இலைச் சோகைக்குத் தீ வைக்கப் போனார். பூமாலை கொல்லை நடுவே போய் நின்றுகொண்டாள். அவர் தலையிலடித்துக்கொண்டு, எடுத்துத் தொலை என்றார். அம்சவள்ளி கூப்பிடாமலே வந்தாள். ரெண்டு பேருமாகக் கட்டுக்கட்டாய்ச் சுமந்து வேலியடி நெடுகப் பரப்பினார்கள்.

தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனியில் ஒருநாள் பூமாலை முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போய்த் திரும்பினாள். அம்சவள்ளி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அத்த, நீங்க அப்பிடிக்கா போனதும் வேலிக்குள்ள இன்னாவோ கத்திக்கினே இருந்திச்சி."

"எப்பிடிக் கத்திச்சி?"

அம்சவள்ளி கூச்சத்தோடு இழுத்தாள். "கிதித்தர்... கிதித்தர்..."

கேட்காதவளால் இட்டுக்கட்ட முடியாத குரல் அது. பூமாலை இடுப்பில் இடுக்கின பையைக்கூட இறக்கவில்லை.

"இன்னொரு தபா."

கத்தினாள். பூமாலை அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மாலை போட்ட அரங்கநாதன் படத்துக்கு நேரே நிறுத்தினாள்.

"இப்ப இங்க கத்து."