தோல் சீவிய வெள்ளரிக்காய்

புதருக்குள் குப்புறப் படுத்திருக்கிறார் அண்ணி. முழங்கை சேற்றில், கண் கேமராவில். "மூச்ச இழுங்க... அப்படியே நிறுத்துங்க..." என்று முணுமுணுக்கிறார். எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. எதிரே நோயாளி இல்லை, எலி வளை. அதுவும் காலி.

கட்டைவிரல் அளவு வயல் சுண்டெலியை அதன் இடத்திலேயே படம் பிடிக்க வேண்டும், அதுதான் அவருடைய பைத்தியம். குறுக்கே ஒரு புல் நின்றாலும் கிள்ள மாட்டார். துணைக்குப் போகிற என் சட்டைப்பையைத் தடவி, பிஸ்கட் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விடுவார். கொழுந்தன் என்ற மரியாதையெல்லாம் கிடையாது. "தீனி போட்டு வந்தா அது விருந்தாளி தம்பி. தானா வந்தாத்தான் காட்டு எலி."

வாரக்கணக்கில் எலி வரவில்லை. அண்ணி வெறுங்கையோடு திரும்பி, சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் ஒரு காலையில் வந்தது பாருங்கள்! பின்னங்காலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் எதையோ பிடித்துக் கொறித்தது. அண்ணி அழுதேவிட்டார். தீனி வைக்காமல் எடுத்த படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி. அதை நடத்துகிறவர் முகப்புச் சுவரையே தருவதாகச் சொல்லிவிட்டார்.

நேற்று சட்டம் போடுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினோம்.

"தம்பி, அது கையில என்ன?"

"ஏதாவது காயா இருக்கும் அண்ணி."

"தோல் சீவியிருக்கே?"

வெள்ளரிக்காய். கத்தி போன கோடு வரிவரியாகத் தெரிந்தது. காட்டில் எந்த எலியப்பா கத்தி வைத்திருக்கிறது?

அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்தார். "தினம் மூஞ்சி தொங்கிப்போய் வந்தே. மனசு கேக்கல. வாக்கிங் போறப்ப வச்சேன்."

"அதுக்குத் தோல் வேற சீவணுமா?"

"கசக்குமேன்னு..."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நடுக்கூடத்தில் நின்று என்னைக் கேட்டார்: "இது காட்டு எலியா, நம்ம வீட்டு எலியா? நான் எடுத்த படமா, இவர் எடுத்துக் குடுத்ததா? இவர் பண்ணது நல்லதா கெட்டதா, சொல்லேன்."

பாசத்தைக் கோபிப்பதா, மோசடிக்கு உருகுவதா? "யாருக்கும் தெரியப்போறதில்ல அண்ணி" என்றேன்.

"எலிக்குத் தெரியுமே!"

இன்று காலை அண்ணன் எங்கேயோ போய் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினார். கையில் வாடிய வெள்ளரித் துண்டுகள். "மிச்சத்தையெல்லாம் பொறுக்கிட்டேன். இனிமே அது காட்டு எலிதான்" என்றார், பரீட்சையில் பாதி விடை எழுதியவர் மாதிரி. அந்த நேரம் பார்த்து கண்காட்சிக்காரரின் போன்.

"அந்தப் படம் வேண்டாம் சார்" என்றார் அண்ணி. "ஏன்னா... எனக்கே சரியா சொல்லத் தெரியல சார்."

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. போனில் கண்காட்சிக்காரர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். அண்ணி அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி தரையில் உட்கார்ந்து, அண்ணன் கால்சட்டையில் அப்பியிருந்த புல்முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.