சைக்கிள் ஸ்டாண்டில் ஏன் ஜெபம் செய்தோம்

ஜெனி, பிரியா... தயவுசெய்து இந்த மெயிலை யாருக்கும் காட்டாதீர்கள். ஃபார்வர்டும் வேண்டாம். முக்கியமாக என் மம்மிக்குத் தெரியக் கூடாது. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அண்ணன் ஹாலில் படுத்திருக்கிறான். அவன் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு டைப் செய்கிறேன்.

ஃபினாயிலும் உரித்த ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை... குழந்தைகள் வார்டை நினைத்தாலே எனக்கு அதுதான் முதலில் வரும்.

நான் அப்போது ஆறாவது. சண்டே ஸ்கூல் முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா எங்களை காக்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதும் ஊழியம்தான் என்பார். ஆளுக்கொரு சாக்ஸ் பொம்மை. என்னுடையது பழைய பச்சை யூனிஃபார்ம் சாக்ஸ். சட்டைப் பட்டன்தான் கண்.

ஜெபத்தை ஏன் ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் செய்கிறோம் என்று நீங்கள் நம் குழுவில் சேர்ந்த புதிதில் கேட்டுக்கொண்டே இருப்பீர்களே... காரணம் ரேணுகா.

முதல் தடவை போனபோது, எதையும் ஜெபத்தோடு தொடங்கும் நம் வழக்கப்படி, வாசல் பக்கத்து பெட்டைச் சுற்றி நின்று கண்ணை மூடினோம். அதில் படுத்திருந்தவள்தான் ரேணுகா. ஹெப்பகோடியிலிருந்து வந்த சின்னப் பெண். நாங்கள் ஆமென் சொல்வதற்குள் அலறினாள்.

"அம்மா! நான் சாகப்போறேனா?"

அவள் அம்மாதான் மெதுவாகச் சொன்னார். "போன வாரம் பக்கத்து பெட்டைச் சுத்தி இப்படித்தாம்மா கண்ண மூடி நின்னாங்க. சாயங்காலம் பெட் காலி. அதான்..."

எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சாக்ஸைக் கையில் மாட்டி நீட்டி, அது பேசுவது போலச் சொன்னேன். "ரேணு, எனக்கு ஊசின்னா ரொம்ப பயம்!"

அழுகையை நிறுத்தி உற்றுப் பார்த்தாள். "ஐயே, உன் தலையில ஓட்டை. மொதல்ல நீ போய் தையல் போட்டுக்கோ!"

வார்டு முழுக்கச் சிரிப்பு.

அடுத்த வாரத்திலிருந்து ஜெபம் சைக்கிள் ஸ்டாண்டில். "ஏம்மா, சைக்கிள் காணோமா?" என்று வாட்ச்மேன்கூட கேட்டார். வார்டுக்குள் சாக்ஸ்தான் முதலில் எட்டிப் பார்க்கும். வீட்டுக்குப் போகிற அன்று ரேணுகா சாக்ஸுக்குத்தான் டாட்டா காட்டினாள், எனக்கு இல்லை.

இப்போது நான் ஒன்பதாவது. வயிற்றில் இருக்கும் கட்டியை எடுக்க நாளைக் காலை அட்மிட் ஆகிறேன். அதே ஆஸ்பத்திரி.

இன்று சாயங்காலம் எல்லாரும் வந்து என் கட்டிலைச் சுற்றி நின்றீர்கள். வீடுதானே என்று ஸ்டெல்லா அக்காவும் மறந்துவிட்டார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தீர்கள். நான் மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. படுத்துக்கொண்டு பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கிறது... அவ்வளவுதான்.

"எங்க பாப்பாவுக்கு பயமே கிடையாது" என்று மம்மி எல்லாரிடமும் சொன்னார். நானும் தலையாட்டினேன். பொய்.

நாளைக்கு வரும்போது சைக்கிள் ஸ்டாண்டிலேயே ஜெபித்துவிட்டு வாருங்கள். பச்சை சாக்ஸ் ஜெனி வீட்டில்தான் இருக்கிறது. கதவுக்குள்ளே முதலில் அது

யாரோ தட்டுகிறார்கள். மம்மி.

"பாப்பா... தூங்கலையா? எனக்கும் தூக்கம் வரலம்மா. கதவத் தெற"