ஜிப் ஃபைல்ல என் பாதி மட்டும்

போன வாரம் ஒரு மெயில் வந்துச்சு. காலேஜ் டைம்ல நாம எல்லாரும் குடியிருந்தோமே ஒரு சைட்டு — பேர் வேணாம், சாகப்போறத எதுக்குக் கிண்டல் பண்ணிக்கிட்டு — அத மூடுறாங்களாம். மாசக் கடைசிக்குள்ள உங்க டேட்டாவ டவுன்லோட் பண்ணிக்கோங்கன்னு ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாங்க. கல்யாண மண்டபத்துல லைட்ட அணைக்கப் போறோம், செருப்ப எடுத்துக்கங்கன்னு சொல்ற மாதிரி.

எனக்கு ஒரே குஷி. ஏன்னு கேளுங்க.

நான் வெப் டெவலப்பர்ல? இப்ப ஆபீஸ்ல என் வேலையே இதான். ஒரு கஸ்டமரோட ஆப்புக்கு 'என் டேட்டாவ எடுத்துக்குறேன்'ங்கற பட்டன் செஞ்சு குடுக்கணும். டேட்டா போர்ட்டபிலிட்டின்னு இதுக்குப் பேரு. பயந்துறாதீங்க. சிம் கம்பெனிய மாத்துறோம், நம்பர் அப்படியே கூட வருதுல்ல? அதேதான். ஒரு சைட்டுல நீங்க போட்ட போட்டோ, எழுதுனது, பேசுனது எல்லாத்தையும் மூட்ட கட்டி இன்னொரு சைட்டுக்குக் குடி போலாம்.

நம்ம டேட்டா நம்ம உரிமைன்னு நான் போடாத சண்டை இல்ல. கமெண்ட்ல எத்தன பேர ஓட விட்டுருக்கேன் தெரியுமா? செம கெத்தா சுத்திட்டு இருந்தேன்.

உண்மையச் சொல்லவா... எனக்கு வேண்டியது போட்டோ இல்ல. மகேஸோட சாட்.

மகேஸ்னு வச்சுக்குவோம். நெஜப் பேர் வேற. ஊரு, வேலையெல்லாம் கூட கொஞ்சம் கலைச்சுப் போட்டுருக்கேன். காரணம் போகப் போகப் புரியும்.

ஏலக்கா வெளையுற மலையூரு வண்டன்மேட்ல எங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு அவ. ப்ளஸ் டூ வரைக்கும் ரெண்டு பொண்ணுங்களும் ஒரே பெஞ்சு. அப்புறம் நான் இன்ஜினியரிங் படிக்கக் கோயமுத்தூர் வந்துட்டேன், அவ அங்கயே டிகிரி. அப்பதான் அந்த சைட்டுல தெனமும் பேசுவோம். பேசுவோம்னா, அவதான் பேசுவா. பாரா பாராவா. ஏலக்கா ஏலத்துல அவங்கப்பா யார மொறச்சாரு, அந்தாளு டீக்கடைல என்ன சொன்னான், அத அவங்கம்மாகிட்ட யாரு போட்டுக் குடுத்தா... ஒரு சாதாரண நாள எபிசோடு எபிசோடா ஓட்டுவா.

படிப்பு முடிஞ்சுது. எனக்கு வேலை கெடைச்சுது. அவ பீர்மேடு பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல, ஆளுங்க வேலைக்கு வந்த கணக்க கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலைக்குப் போனா. எங்களுக்குள்ள சண்டையெல்லாம் இல்ல. சும்மா... நின்னுபோச்சு. கரண்ட் போனா பொசுக்குன்னு தெரிஞ்சுரும். இது டேங்க்ல தண்ணி தீர்ற மாதிரி. கொழாயத் தெறக்குறப்பதான் தெரியுது.

இப்ப நான் இருக்குறது வாளையார்ல. ஹைவேய விட்டுக் கொஞ்சம் உள்ள, ஒரு மாடி ரூம். ஆபீஸ் கோயமுத்தூர்ல, வேலை ரூம்ல இருந்தே. நாள் பூரா மீட்டிங். எல்லாப் பயலும் கேமராவ ஆஃப் பண்ணிருவான். ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு எழுத்து. 'ஆர்' பேசுவாரு, 'எஸ்' மியூட்ல இருப்பாரு. மீட்டிங் முடிஞ்சா செக்போஸ்ட் பக்கம் லாரி ஹாரன். அதத் தாண்டி என்கிட்ட யாரும் பாரா பாராவா பேசுறதில்ல.

முன்ன ஒருத்தி பேசுனா. அதத் திரும்ப ஒரு தடவ படிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. அவ்ளோதான். சிரிக்காதீங்க.

டவுன்லோட் பண்ணேன். ஜிப் ஃபைல் வந்துச்சு. தெறந்தேன்.

மொதல்ல ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட். பேரு மட்டும், அகர வரிசைல. நம்பர் இல்ல, மெயில் இல்ல, ஒண்ணும் இல்ல. படம் முடிஞ்சதும் மேல மேல போகுமே பேரா... யாரு உக்காந்து படிக்கிறா அத? அப்படி ஓடுச்சு.

அப்புறம் மகேஸ் சாட்டத் தெறந்தேன்.

"ம்."

"ம் ம்."

"அய்யோ. அப்புறம்?"

"யாரு, அந்த மீசையா?"

"ஹாஹாஹா செத்தேன்."

"அப்புறம்?"

கீழ கீழ போறேன்... நான் மட்டும்தான் இருக்கேன். அவ பேசுனது ஒரு வரி இல்ல. வருசக்கணக்கா ஒரு பொண்ணு செவுத்தப் பாத்து அப்புறம் அப்புறம்னு கேட்டுட்டு இருக்கு.

பக்குனு ஆயிடுச்சு. ஒடனே புரிஞ்சும் போச்சு. அடுத்தவங்க அனுப்புன மெசேஜு அடுத்தவங்க டேட்டா. அத என் மூட்டைல வச்சுக் கட்ட மாட்டாங்க. நியாயம்தானே? எங்க கஸ்டமர் ஆப்புக்கு இதே ரூல நான்தான் கோடா எழுதுனேன். டீம் லீட் அதுக்கு ஒரு ராக்கெட் எமோஜி கூட விட்டாரு.

சரின்னு அதையே படிச்சேன். சத்தமா. சில இடத்துல என்ன நடந்துருக்கும்னு ஞாபகம் வந்து சிரிச்சேன். மொட்டமாடில தேங்கா காயப் போட வந்த ஹவுஸ் ஓனர் சரசக்கா கதவுகிட்ட நின்னு பாத்துட்டு இருந்துருக்காங்க.

"ஏங் கண்ணு, ஆருகூடப் பேசிட்டிருக்கற?"

பழைய சாட்டுங்க்கா, நான் எழுதுனதுதான்னேன்.

"அந்தப் பக்கம் ஆருமில்லியா?"

இல்லீங்க்கான்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்தாங்க. சாயங்காலம் ஒரு கிண்ணத்துல கொள்ளுப் பருப்பு கொண்டாந்து வச்சுட்டு, எங்கம்மா நம்பர வாங்கிட்டுப் போனாங்க. எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். தனியா சிரிக்கிற பொண்ணுக்கு நம்மூர்ல ஒரே மருந்துதான.

ஒரு எடத்துல மட்டும் சிரிப்பு வரல.

"அழாதடி. போய் மூஞ்சக் கழுவிட்டு வா."

"வந்துட்டியா?"

"வீட்ல யாருக்காச்சும் தெரியுமா?"

"சரி. நானும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

எதச் சொல்ல மாட்டேன்? மண்டையப் போட்டு ஒடைச்சேன்... வரல. சத்தியம் பண்ணது ஞாபகம் இல்ல, அவ அழுதது ஞாபகம் இல்ல. சத்தியத்தக் காப்பாத்திட்டுத்தான் இருக்கேன், ஏன்னா என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

அந்த நாளு என்னன்னு தெரிஞ்சே ஆகணும்னு ஆயிடுச்சு. என்கிட்ட ஒருத்தி மனசு விட்டு அழுதுருக்கா. அந்த அளவுக்கு நான் யாருக்கோ வேண்டியவளா இருந்துருக்கேன். அது என்னன்னே தெரியாம எப்படி இருக்குறது, சொல்லுங்க?

டெவலப்பர் மூளை சும்மா இருக்குமா? அவ பாதிய அவ டவுன்லோட் பண்ணித் தரட்டும். என் பாதியோட சேத்து டைம்படி அடுக்குனா முழு சாட்டும் ரெடி. அதுக்கு ஸ்க்ரிப்ட்டே எழுதி முடிச்சுட்டேன். சாம்பிள் வச்சு டெஸ்ட்டும் பண்ணிட்டேன். எல்லாம் பக்கா. மகேஸ்கிட்ட பேசுறது மட்டும்தான் பாக்கி.

பழைய நம்பர் உபயோகத்துல இல்லன்னு ஒரு பொம்பளக் குரல் மலையாளத்துல சொல்லிருச்சு. அம்மாவக் கூப்பிட்டேன். அவ நம்பர் கூட இல்லாம நீ என்ன ஃப்ரெண்டுன்னு ஒரு ரவுண்டு திட்டிட்டு, ஊர்ல ஜீப் ஓட்டுற அவ அண்ணன்கிட்ட வாங்கி அனுப்புனாங்க.

மத்தியானச் சாப்பாட்டு டைம் பாத்துப் போட்டேன்.

"ஏட்டி பவி... நீயா?"

அந்தக் குரலுக்கு ஒரு வயசும் ஏறல. எடுத்த ஒடனே ஆரம்பிச்சுட்டா. எஸ்டேட் ஆபீஸ் பிரிண்டர் ஈரத்துல பேப்பரத் திங்குதாம். மேனேஜரு போன் பேசணும்னா ரேஞ்சுக்காக ஜீப்பு பானட்டு மேல ஏறி நிக்கிறாராம். லயம்னு சொல்ற எஸ்டேட் வரிசை வீட்டுல குடியிருக்குற ஒரு அக்கா, பஸ்ஸுல கண்டக்டரோட சண்ட போட்டு இறங்கி நடந்தே வந்துட்டாங்களாம். அதே பாரா பாரா...

நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமா? லேப்டாப்ல அந்த சைட்டோட செட்டிங்ஸ் பக்கத்தத் தெறந்து வச்சுக்கிட்டு, அவ எப்ப மூச்சு விடுவான்னு பாத்துட்டு இருந்தேன். கேப்பு கெடைச்சுது. சொன்னேன். செட்டிங்ஸ் போ, ப்ரைவசின்னு இருக்கும், அதுக்குள்ள டவுன்லோடு, மாசம் முடியப் போகுது சீக்கிரம்னு கஸ்டமர் கேர் மாதிரி மூச்சு விடாம சொன்னேன்.

அவ பிரிண்டர ஆஃப் பண்ணது கேட்டுச்சு.

"இதுக்குத்தான் கூப்பிட்டியா?"

இல்ல இல்லன்னேன். எனக்கே நம்பிக்கை வரல.

"அந்த மெயிலு எனக்கும் வந்துச்சு. பாஸ்வேர்டும் தெரியும். வேணும்னேதான் விட்டுட்டேன். அந்த சைட்டோடயே போகட்டும்."

அங்கயாச்சும் நிறுத்தியிருக்கலாம்ல? கேட்டுட்டேன். ஒரு நாள் நீ அழுதுருக்க, நான் சத்தியம் பண்ணியிருக்கேன், அது என்ன மகேஸுன்னு.

"உனக்கு ஞாபகமில்லியா?"

"இல்லடி."

"நெஜமாவே?"

"நெஜமா."

ஒரு பெருமூச்சு விட்டா. அதுல பாதி வருத்தம், பாதி நிம்மதி. எது ஜாஸ்தின்னு போன்ல கண்டுபிடிக்க முடியல.

"நல்லதாப் போச்சு. உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன். இப்ப உனக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. அப்படியே விட்டுரு பிள்ள." கூடவே, "உன்கிட்ட இருக்குறதையும் அழிச்சுரு"ன்னா.

எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. அது நான் எழுதுனதுடி, என் டேட்டான்னேன். கமெண்ட்ல சண்ட போடுற அதே வாய்தான.

"நீ எழுதுனதுதான்"ன்னா. "என்னப் பத்தி."

யாரோ கூப்பிட்டாங்கன்னு வச்சுட்டா.

செம காண்டு. அவ டேட்டா அவளுதுன்னா என் டேட்டா என்னுதுதான? சட்டப்படியும் நான் கரெக்டு, கோடுப்படியும் நான் கரெக்டு. அந்த வீம்புல மறுபடி உக்காந்து படிச்சேன். ஆனா இந்தத் தடவ வேற மாதிரி படிச்சேன். அவ பதில் இல்லாட்டி என்ன, நான் கேட்ட கேள்விய வரிசையா வச்சாலே பதிலோட ஓரம் தெரியுது. யாரோ ஒரு 'அவரு' எப்ப ஊருக்கு வர்றாருன்னு ஒண்ணு கேட்டுருக்கேன். அதுக்குக் கீழ இன்னொண்ணு. ரெண்டயும் சேத்தா என்னவோ பிடிபடுற மாதிரி வந்துச்சு.

அடுத்த வரிய நான் படிக்கல. லேப்டாப்ப மூடிட்டேன்.

உன் பாதி, என் பாதின்னு கோட்ல நல்லா வெட்டலாங்க. நானே வெட்டியிருக்கேன். ஆனா பேச்சுங்கறது ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்குற கட்டிலு. என் பக்கத்துக் கால மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன்னா எப்படி?

அழிச்சேன். அந்த ஃபோல்டர், ரீசைக்கிள் பின், பழக்கதோசத்துல பென் டிரைவ்ல போட்டு வச்ச காப்பி, கிளவுட்ல ஏறிப் போயிருந்த காப்பி... டெவலப்பர்ங்க ஒரு விசயத்த மறக்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல. எல்லாம் முடிஞ்சப்ப, என்கிட்ட அதிகமா பேசுன ஆளு பேசுனதுக்கு என் கைல ஒரு 'ம்' கூட இல்ல.

அப்புறம் மகேஸுக்கு வாட்ஸ்அப்ல எழுதுனேன். அழிச்சுட்டேன், எல்லாத்தையும். ஞாயித்துக்கிழம கூப்பிடவா? செட்டிங்ஸ் இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா பேசத்தான்னு.

ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. டைப்பிங்னு காட்டுச்சு. நின்னுச்சு. மறுபடி காட்டுச்சு... நின்னுருச்சு.

இத டைப் பண்ணி முடிக்கிற வரைக்கும் வேற ஒண்ணும் வரல.

இருக்கட்டும். பதிலும் அவ டேட்டாதான, எப்பத் தரணும்னு தோணுதோ அப்பத் தரட்டும்.