சாக்குத்தலையனும் சப்பாத்திக் கட்டையும்

போன வாரம் பாகலூர் சாலையில் இளநீர் குடிக்க வண்டியை நிறுத்தினேன். ஓசூருக்கே உரிய சாரல் விழுந்துகொண்டிருந்தது. மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இளநீர்க்காரர் ஒரு கோணிச் சாக்கின் மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். எங்கள் பக்கம் அதைக் கொங்காடை என்போம். முகம் தெரியவில்லை. கையில் கொடுவாள். அவர் அதை ஓங்கியதும், நாற்பதை நெருங்குகிற, சொந்தமாக ஸ்கூட்டரும் சர்க்கரை மாத்திரையும் வைத்திருக்கிற நான், கைப்பைக்குள் கையை விட்டு எதையோ அவசரமாகத் துழாவினேன். எதைத் தெரியுமா? சப்பாத்திக் கட்டையை.

"அக்கா, தண்ணியா குடுக்கட்டுமா, வழுக்கையா குடுக்கட்டுமா?" என்றார் அந்த மனுஷர், பாவம்.

வழுக்கை என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்கு வேண்டுமானால் சொல்கிறேன், உட்காருங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜூஜுவாடியில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். வண்டிகளுக்கு உள்ளே போகிற வயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. எனக்குப் பர்கூர். அமுதாவுக்குச் சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஸ்டெல்லா நாகர்கோவில்காரி. அவள் "ஏட்டி" என்று கூப்பிட்டால் முதல் மாதம் முழுக்கத் திட்டுகிறாள் என்றே நினைத்திருந்தோம். மூன்று பேருக்கும் ஒரே ஷிப்ட். வீட்டில் இன்னும் சிலர் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்கு வேறு ஷிப்ட். நாங்கள் எழுந்து போனதும் அவர்கள் வந்து அதே பாயில் படுப்பார்கள். அந்தப் பாய்களுக்கு ஒரு நாளும் சூடு ஆறியதில்லை.

கீழே வீட்டுக்கார அம்மா இருந்தார். கன்னடக்காரர். எங்களோடு தமிழில் பேசுவதாக அவர் நம்பினார், அவரோடு கன்னடத்தில் பேசுவதாக நாங்கள் நம்பினோம். வீடு எல்லையை ஒட்டி இருந்ததால் செல்போனுக்குக்கூடத் தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதில் குழப்பம். சமையலறைக்குள் போனால் கர்நாடகா வரவேற்கும். ஊருக்குப் பேச வேண்டுமென்றால் ஜன்னல் பக்கம், தண்ணீர்க் குடத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நிற்க வேண்டும். அந்த மூலைக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்திருந்தோம்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்தால் உடனே தூக்கம் வராது. உடம்பு செத்துக் கிடக்கும், கண் மட்டும் பொரி மாதிரி விழித்திருக்கும். அதற்கு மருந்தாக ஸ்டெல்லா எங்கிருந்தோ டிவிடி கொண்டுவருவாள். எல்லாம் கத்திப் படங்கள். முகமூடி போட்ட ஒருவன் வரிசையாக ஆட்களைக் கொன்றுகொண்டே போவான், அவ்வளவுதான் கதை. உப்புமா சாப்பிட்டுக்கொண்டே பார்ப்போம். அமெரிக்கப் பெண்கள் தமிழில் அலறுவார்கள். தங்க நிறத் தலைமுடியோடு ஒருத்தி, "ஐயோ, மாரியாத்தா!" என்று ஓடினாள், சத்தியமாகச் சொல்கிறேன்.

அதில் ஒரு படம்தான் எங்கள் உயிரை வாங்கியது. அதில் வருகிறவன் தலையில் சாக்கைப் போட்டிருப்பான். விழித்திருக்கிறவர்களைத் தொட மாட்டான், தூங்குகிறவர்களை மட்டும்தான் கொல்வான். எங்களைப் போலப் பட்டப்பகலில் தூங்கியாக வேண்டியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்குச் சாக்குத்தலையன் என்று பெயர் வைத்தோம்.

இந்தப் படங்களில் வரும் பெண்களுக்குச் சொந்த புத்தி கிடையாது. கொலைகாரன் தலையில் ஓங்கி ஒரு போடு போடுவார்கள், அவன் விழுந்ததும் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு அழ உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் அவன் மெல்ல எழுந்திருப்பான். ஸ்டெல்லாவுக்கு ஆத்திரம் தாங்காது. "ஏட்டி, அவன் எந்திரிப்பான்! இன்னொரு அடி போடுட்டி!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவாள். வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து துடைப்பத்தால் மேற்கூரையைத் தட்டுவார்.

பிறகு தூங்கப் போக வேண்டுமே, அங்கேதான் வினை. வெளிச்சம் வராமல் ஜன்னலில் கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தோம். காலை பத்து மணிக்கு உள்ளே கும்மிருட்டு. வெளியே காய்கறி வண்டிக்காரர் "பெங்களூரு கத்தரிக்கா" என்று கூவுகிறார், உள்ளே நாங்கள் ஒரே பாயில் மூன்று பேரும் நடுங்கிக்கொண்டு கிடக்கிறோம். நடுவில் யார் படுப்பது என்பதற்குச் சண்டையே நடக்கும். நான் என்னைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தேன். அவன் அமெரிக்காவிலிருந்து வருகிறான், பெங்களூரில் இறங்கித்தான் வர வேண்டும், எப்படியும் அத்திப்பள்ளி செக்போஸ்டில் பிடித்துக் காகிதம் கேட்பார்கள். அந்த நினைப்பில்தான் கண் மூடுவேன். கனவில் செக்போஸ்டில் இருப்பதும் அவனாகவே இருப்பான். என் கம்பெனி அடையாள அட்டையைக் கேட்பான்.

பகலில் தூங்காவிட்டால் ராத்திரி லைனில் தூக்கம் சொக்கும். ஸ்டெல்லா நின்றபடியே தூங்குவாள், கை மட்டும் வயரைக் கட்டிக்கொண்டிருக்கும். அவள் தூங்கும்போது கட்டியதுதான் நன்றாக இருக்கும் என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் அமுதாவின் பயம் வேறு. வீட்டில் ஒரு வருஷத்துக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். அத்தை மகன் ஒருவர் தயாராக இருந்தார். அவளுக்கோ தபாலில் பி.காம் முடிக்க வேண்டும், அதற்கு வேலை வேண்டும். முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது ஒரு தலையணை. வீட்டில் அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும் போக அவளுக்கென்று ஒரு தலையணை இருந்ததே இல்லையாம். கையைத்தான் மடித்து வைத்துக்கொள்வாளாம். அந்தத் தலையணையை வேறு ஷிப்ட்டுக்காரிகள் தொட விட மாட்டாள், வேலைக்குப் போகும்போது பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். நாங்கள் கேலி செய்வோம். இப்போது நினைத்தால் ஏன் செய்தோம் என்று இருக்கிறது.

அந்தச் சமயத்தில் யாரோ ஊரில் போய், ஓசூரில் பொம்பளைப் பிள்ளைகள் தனியாக இருப்பது ஆபத்து என்று அவள் அப்பா காதில் ஓதிவிட்டார்கள். அவர் போன் செய்தார். அமுதா தமிழ்நாட்டு மூலையில் ஒடுங்கி நின்று கேட்டாள். "ஞாயித்துக்கெழம வந்து பாக்கறன் பாப்பா. எடம் சரியில்லன்னா கையோட கூட்டிக்கினு வந்துருவன்" என்றாராம். அன்றைக்கு அமுதா கனவில் அலறி எழுந்தாள். சாக்குத்தலையன் வந்தானா என்று கேட்டோம். வந்தானாம். வெட்டினானா என்றால் இல்லையாம்.

"பொட்டிய கட்டு, ஊருக்குப் போலாம்னு சொன்னான்டி" என்று தேம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று இருந்தோம். டிவிடிகளை ஒளித்துவிட்டு, ஜன்னல் தாளைக் கிழித்துவிட்டு, ஸ்டெல்லாவின் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு முருகன் படமும் மாட்டி, வீட்டைக் கோவில் மாதிரி ஆக்கிவிடுவதாகத் திட்டம். ஆனால் அவர் வியாழக்கிழமையே வந்துவிட்டார். ஊரிலிருந்து தக்காளி லாரி ஒன்று ஓசூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பியிருக்கிறது. சும்மா போகிற வண்டியை விடுவானேன் என்று ஏறிவிட்டார். மகளுக்கு ஒரு குலை இளநீர். பட்டணத்தில் எவனுக்கும் ஒழுங்காகச் சீவத் தெரியாது என்று தன் கொடுவாளும். வழியில் சாரல் பிடித்துக்கொண்டதால் தலையில் கொங்காடை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்த ஷிப்ட்டுக்காரியும் தூங்குகிறவளை எழுப்பக் கூடாது. அதனால் கதவைத் தாழ் போட மாட்டோம், சும்மா சாத்தி வைப்போம். சாக்குத்தலையன் வந்த பிறகு, சாத்திய கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு வாளியும், வாளிக்குள் கரண்டிகளும் வைத்தோம். எங்கள் ஆட்களுக்கு அது தெரியும், மெல்ல நகர்த்தி வருவார்கள். அவருக்கு எப்படித் தெரியும்? தட்டிப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் அசந்து தூங்குகின்றனவே என்று சத்தம் போடாமல் கதவைத் தள்ளியிருக்கிறார்.

கரண்டிகள் சிதறிய சத்தத்தில் மூவரும் ஒன்றாக எழுந்தோம். வாசல் வெளிச்சத்தில் ஓர் உருவம். தலையில் சாக்கு. கையில் கொடுவாள். இன்னொரு கையில் உருண்டை உருண்டையாக என்னவோ தொங்குகிறது. அது என்னவாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம் என்பதைச் சொல்ல மாட்டேன், நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள்.

நான் ஓடவில்லை, கத்தவில்லை. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். என் வீரம் அவ்வளவுதான். அமுதாதான் தலையணைக்கு அடியில் காவலுக்கு வைத்திருந்த சப்பாத்திக் கட்டையை உருவினாள். ஒரே போடு, நெற்றியில். உருவம் அப்படியே உட்கார்ந்தது. இளநீர்க் குலை தடதடவென்று படியில் உருண்டது. உருவம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

"எந்திரிக்கான்ட்டி! இன்னொரு அடி போடு!" என்றாள் ஸ்டெல்லா.

எத்தனை படம் பார்த்திருக்கிறோம்! அமுதா அந்த அமெரிக்கப் பெண்களைப் போலக் கட்டையைக் கீழே போட்டுவிடவில்லை. தோளில் இன்னொன்று வைத்தாள். உருவம் மறுபடி விழுந்தது, மறுபடி எழுந்தது. மூன்றாவதுக்கு அவள் ஓங்கியபோது சாக்கு நழுவியது.

"நாந்தான் பாப்பா" என்றது உருவம். "அப்பன்டி."

வீட்டுக்கார அம்மா மூச்சு வாங்க மேலே ஓடி வந்தார். "ஏனாய்த்து? என்னா ஆச்சு? யாரு செத்தது?" என்றார். அமுதா கட்டையை ஓங்கியபடியே அழுதுகொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று எனக்கே தோன்றியது. ஸ்டெல்லா மட்டும் சமயோசிதமாக டிவிடியை எடுத்து நைட்டிக்குள் செருகிக்கொண்டாள்.

தண்ணீர் கொடுத்தோம். காபித்தூள் அப்பினோம். நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. அவர் வாளியைப் பார்த்தார், கரண்டிகளைப் பார்த்தார். ஜன்னல் திட்டில் நாங்கள் தயாராக வைத்திருந்த மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தும்மினார்.

"ஏன் பாப்பா," என்றார் கடைசியில், "மொத அடியிலயே உழுந்துட்டனே, ரெண்டாவது என்னாத்துக்கு?"

"நீங்க எந்திரிச்சீங்களேப்பா" என்றாள் ஸ்டெல்லா, ரொம்ப மரியாதையாக.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தோள் வலித்ததால் பாதியில் நிறுத்தி, மறுபடி சிரித்தார். "இந்தப் புள்ளைங்களுக்கு என்னா ஆயிருமோன்னு பயந்துக்கினு வந்தன். இங்க வர்றவனுக்குதான் என்னா ஆவும்னு பயப்படணும்" என்றார். ஊருக்குப் போகலாம் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. உருண்டு போன இளநீர்களை வீட்டுக்கார அம்மாவே பொறுக்கி வந்தார். அமுதாவின் அப்பா எல்லோருக்கும் சீவிக் கொடுத்தார். அந்த ருசியில் நான் இன்னும் எங்கேயும் குடிக்கவில்லை.

பிறகு, "ராத்திரி முச்சூடும் வேல செஞ்சிருக்கீங்க, போய்ப் படுங்க. நான் இங்க கெடக்கறன்" என்று சாக்கை விரித்து, கொடுவாளைத் தலைமாட்டில் வைத்து, வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டார். அமுதா ஓடிப் போய்த் தன் தலையணையை அவர் தலைக்கு அடியில் வைத்தாள். அவர் குறட்டை விட, நாங்கள் தூங்கினோம். கனவே இல்லாத தூக்கம். சாக்கும் கொடுவாளுமாக ஒருவர் வாசலில் படுத்திருக்க, அந்த வீட்டில் நாங்கள் பயமில்லாமல் தூங்கிய முதல் நாள் அதுதான். சாயங்காலம் அவர்தான் எங்களை எழுப்பி ஷிப்ட்டுக்கு அனுப்பினார்.

அமுதா பி.காம் முடித்தாள். அவளே பார்த்துச் சொன்ன பையனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்தில் அவள் அப்பா மாப்பிள்ளை வீட்டாரை ஒவ்வொருவராகப் பிடித்துப் புருவத்துக்கு மேலிருந்த சின்னத் தழும்பைக் காட்டி, "பாத்து நடந்துக்கச் சொல்லுங்க" என்றார்.

இப்போது அந்த மாடி வீடு இல்லை. அங்கே கார் கழுவுகிறார்கள். என் மகள் தன் அறையில், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தனியாகக் கத்திப் படம் பார்க்கிறாள். முடிந்ததும் கொட்டாவி விட்டுத் தூங்கிவிடுகிறாள். "பயமா இல்லையாடி, நடுவுல படுக்கணும்னு தோணலையா?" என்று கேட்டேன். யாருக்கு நடுவில் என்றாள்.

போன தை மாதம் அமுதாவின் அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். சிங்காரப்பேட்டைக்குப் போனேன். ஸ்டெல்லா நாகர்கோவிலிலிருந்து வந்து சேரவில்லை, போனில் அழுதுகொண்டிருந்தாள். அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைக்கு அடியில் ஒரு பழைய தலையணை, உறை மட்டும் புதிது. கண்ணாடியில் கோத்திருந்த நீரைத் துடைத்துவிட்டு, புருவத்துக்கு மேல் பார்த்தேன். தழும்பு இருந்தது. அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கி ரெண்டு தடவ எந்திரிச்சாருல்லடி" என்றாள்.

ஆமாம் என்றேன். இன்னொரு தடவை எழுந்திருப்பார் என்பது போல நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.